பாத்தியில் முளைப்பது பயிரா, களையா?

பள்ளி விடுமுறை நாட்களில் தோட்டப்புறத்து வீடுகளில் நிகழக்கூடிய காட்சி ஒன்று உண்டு. விடியற்காலையில் பால்வெட்டுக்கோ உதிரிப்பழம் பொறுக்கவோ புறப்படும் தாய், பாத்தியில் மண்டிக் கிடக்கும் புல்லைப் பிடுங்கி வைக்குமாறு பிள்ளையிடம் சொல்லிச் செல்கிறாள். பிள்ளையும் சொல்லைத் தட்டாமல் வெயிலில் குனிந்து நின்று வேலையை முடித்துவிடுகிறான். நண்பகலில் தாய் திரும்பி வந்து பார்க்கும்போது பாத்தி துடைத்து வைத்தாற்போல் காட்சியளிக்கிறது. களையும் இல்லை, இரண்டு வாரங்களுக்கு முன் விதைத்த மிளகாய் நாற்றும் இல்லை.

குற்றம் பிள்ளையுடையதன்று. முளைவிட்ட முதல் வாரத்தில் பயிரும் களையும் பார்வைக்கு உடன்பிறப்புகளைப் போலவே இருக்கும். அவற்றை வேறுபடுத்திக் காட்டாமல் வேலையை ஒப்படைத்ததே தவறு. இத்தகைய ஏமாற்றம் இருமுறை நேர்ந்தால் பலர் பாத்தியையே கைவிட்டு விடுகின்றனர். வேறு சிலர், கையால் பிடுங்குவானேன் என்றெண்ணிப் புல் மருந்துப் போத்தலை நாடுகின்றனர். முன்னது குடும்பத்தின் செலவைக் கூட்டுவது. பின்னது குடும்பத்தின் உயிருக்கே உலை வைக்கக் கூடியது. ஆதலால், இளம்பயிரையும் களையையும் பற்றிச் சிறிது அறிந்து கொள்வது ஒவ்வோர் இல்லத்திற்கும் பயன் தருவதாகும்.

வீட்டுத்தோட்டம் நமக்குப் புதியதன்று. லயத்து வீடுகளின் பின்புறத்தில் முருங்கையும் கத்தரியும் அவரைப் பந்தலும் இருந்த காலத்தைப் பெரியவர்கள் நன்கறிவர். 1974-ஆம் ஆண்டில் துன் அப்துல் ரசாக் அவர்கள் பிரதமராக இருந்தபோது தொடங்கப்பெற்ற பச்சைப் புத்தகத் திட்டம், காலியாகக் கிடக்கும் நிலத்தில் உணவுப் பயிர்களை வளர்க்குமாறு மக்களை ஊக்குவித்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, வீட்டு வாசலில் நான்கு கீரைச்செடி இருப்பதன் அருமையைப் பலர் மீண்டும் உணர்ந்தனர். தோட்டங்களிலேயே வாழ்வோரும், தோட்டங்களை விட்டு வெளியேறி வீடமைப்புப் பகுதிகளில் குடியேறியோரும் இன்றும் ஒரு சிறு பாத்தியையேனும் பேண இயலும். அதற்கு முதல் தடையாக நிற்பது களையே.

களை என்பது யாது?

களை என்று தனியாக ஒரு தாவர இனம் இல்லை. நாம் விரும்பாத இடத்தில், விரும்பாத காலத்தில் வளரும் செடி எதுவாயினும் அது களையே. மிளகாய்ப் பாத்தியில் தானாக முளைத்த பூசணியும் களைதான். மலாய் நண்பர்கள் உலாமாக உண்ணும் பெகாகா என்னும் வல்லாரை, ஒரு வீட்டில் கீரை. மற்றொரு வீட்டில் களை. எனவே, களையெடுத்தல் என்பது பகையைக் கொல்வதன்று. நாம் விதைத்த செடிக்குரிய ஒளி, நீர், உரம், இடம் ஆகியவற்றை அதற்கே உரிமையாக்கும் செயலாகும்.

"களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்பது நம் முன்னோர் பட்டறிவில் விளைந்த பழமொழி. உழவு என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவரும் எரு இடுதலுக்கும் நீர் பாய்ச்சுதலுக்கும் இடையே களை கட்டலை வைத்தே பேசுகிறார். எருவும் நீரும் பயிருக்குச் சேர வேண்டுமாயின் களை அகன்றிருக்க வேண்டும் என்பதை இவ்வரிசை நமக்கு நினைவூட்டுகிறது.

களை ஏன் முந்திக் கொள்கிறது?

"நான் விதைத்தது முளைக்கவில்லை, விதைக்காதது மட்டும் முளைக்கிறதே" என்று வருந்தாத இல்லத்தரசி இல்லை. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, மண்ணிலே களை விதைகள் முன்னரே நிறைந்திருக்கின்றன. முள்ளுக்கீரைச் செடி ஒன்றே ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட விதைகளைச் சிந்தக் கூடியது. சிந்திய விதைகள் அனைத்தும் அவ்வாண்டே முளைப்பதில்லை. பல ஆழத்தில் உறங்கிக் கிடக்கும். மண்ணைக் கிளறும்போது ஒளி பட்டு அவை விழித்தெழுகின்றன. விதையின் உறக்கம் எவ்வளவு நீண்டது என்பதை அறிய, வில்லியம் ஜேம்ஸ் பீல் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1879-ஆம் ஆண்டில் களை விதைகளைப் போத்தல்களில் இட்டுப் புதைத்து வைத்தார். 2021-ஆம் ஆண்டில், அதாவது 142 ஆண்டுகளுக்குப் பின், அவற்றுள் ஒரு போத்தலைத் தோண்டியெடுத்து விதைத்தபோது அதிலும் சில விதைகள் முளைத்தன. ஒரு களையைப் பூத்துக் காய்க்க விட்டுவிட்டால், அதன் பலனை நம் பிள்ளைகளும் அனுபவிக்க நேரிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இரண்டாவது, களைகள் இம்மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகியவை. லாலான் புல், கோரை போன்றவை கடும் வெப்பத்திலும் மிகுந்த ஒளியிலும் மற்றச் செடிகளைக் காட்டிலும் விரைந்து உணவு தயாரிக்கும் ஆற்றல் பெற்றவை. மிளகாயும் கத்தரியும் அத்தகையன அல்ல. ஆனால், இக்களைகளுக்கு ஒரு குறை உண்டு. நிழலில் அவை நலிந்து போகும். இக்குறையை நாம் எவ்வாறு பயன்படுத்திக் கொள்ளலாம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

மூன்றாவது, நம் நாட்டின் தட்பவெப்பம். பனிக்காலம் உள்ள நாடுகளில் களைகளின் வளர்ச்சி ஆண்டுக்குச் சில மாதங்கள் தடைப்படும். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் மலேசியாவில் களைக்கு விடுமுறை இல்லை. ஆகவே தோட்டக்காரருக்கும் விடுமுறை இல்லை.

இளம்பயிரை இனங்காணுதல்

விதை முளைத்தவுடன் முதலில் விரிபவை வித்திலைகள். இவை விதைக்குள்ளேயே உருவாகியிருந்தவை. வளர்ந்த செடியின் இலையைப் போல் இரா. சில நாட்களுக்குப் பின் தோன்றுபவையே உண்மை இலைகள். வித்திலையை மட்டும் கண்டு முடிவு செய்வோர் ஏமாறுவர். உண்மை இலை இரண்டு தோன்றும் வரை பொறுத்திருப்போர் ஏமாற மாட்டார்கள். நம் பாத்திகளில் வழக்கமாக இடம்பெறும் பயிர்களின் அடையாளங்கள் வருமாறு:

வெண்டை: விதைத்த ஐந்தாறு நாட்களில் முளைக்கும். வித்திலைகள் அகன்று, தடித்து, வட்டமாக இருக்கும். இவ்வளவு பெரிய வித்திலையுடைய களைகள் குறைவு. எனவே வெண்டையை இனங்காணல் எளிது.

பயற்றங்காய்: மூன்று முதல் ஐந்து நாட்களில் மண்ணை முட்டிக்கொண்டு வெளிவரும். முதல் இரண்டு உண்மை இலைகள் எதிரெதிராகத் தனி இலைகளாக இருக்கும். அதன் பின்னரே ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் தோன்றும். முதல் இலைகள் வேறாக இருப்பது கண்டு களையென்று பிடுங்கிவிடலாகாது.

சாவி என்னும் கடுகுக்கீரை: மூன்று நான்கு நாட்களில் முளைக்கும். வித்திலையின் நுனி நடுவில் உள்வாங்கி இதய வடிவில் இருக்கும்.

மிளகாய், கத்தரி, தக்காளி: இவை மூன்றும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. வித்திலைகள் நீண்டு, நுனி கூர்ந்திருக்கும். தக்காளியின் முதல் உண்மை இலையே பிளவுபட்டிருக்கும். கசக்கினால் தக்காளிக்குரிய மணம் வீசும். கத்தரி இலையில் மெல்லிய சுணை இருக்கும்; மிளகாய் இலை வழவழப்பாக இருக்கும். மிளகாய் முளைக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அதற்குள் களைகள் இரண்டு மூன்று இலை விட்டிருக்கும். மேலும், மணத்தக்காளியும் இக்குடும்பத்தைச் சார்ந்த செடியே. அது தானாக முளைக்கும்போது மிளகாய் நாற்றென்று மயங்குவோர் பலர். எனவே, மிளகாயையும் கத்தரியையும் நேரடியாகப் பாத்தியில் விதைக்காமல் தட்டிலோ பழைய பாத்திரத்திலோ நாற்று விட்டு, நான்கைந்து இலை விட்டபின் நடுவதே சிறந்தது.

கீரை: மலாய் மொழியில் பாயாம் எனப்படும் தண்டுக்கீரையும் முள்ளுக்கீரையும் உறவினங்கள். இளமையில் இவ்விரண்டையும் பிரித்தறிதல் அனுபவசாலிகளுக்கும் கடினம். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் முள் தோன்றிய பின்னரே முள்ளுக்கீரை தன்னைக் காட்டிக் கொள்ளும்.

இம்மயக்கங்கள் அனைத்திற்கும் ஒரே மருந்து உண்டு. விதைகளைக் கைபோன போக்கில் தூவாமல், கயிறு பிடித்து நேர்வரிசையில் விதைக்க வேண்டும். வரிசையின் இரு முனைகளிலும் குச்சி நட்டு வைக்க வேண்டும். வரிசைக்குள் முளைப்பது பயிர். வரிசைக்கு வெளியே முளைப்பது களை. இவ்விதியை எட்டு வயதுப் பிள்ளையும் பிழையின்றிக் கடைப்பிடிக்க முடியும்.

அறிய வேண்டிய களைகள்

களைகளை வேரின் தன்மை கொண்டு இருவகையாகப் பிரிக்கலாம். விதையால் மட்டும் பரவுவன ஒருவகை. மண்ணுக்குள் கிழங்காலும் தண்டாலும் பரவுவன மற்றொரு வகை.

குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, முள்ளுக்கீரை முதலியன முதல் வகையைச் சார்ந்தவை. தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் மண்ணில் வேரூன்றிவிட்ட தொட்டாற்சிணுங்கியும் விதையாலேயே பரவுகிறது. இவற்றைப் பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்கிவிட்டால் அத்துடன் கதை முடிந்தது.

கோரையும் லாலானும் இரண்டாம் வகை. 1977-ஆம் ஆண்டில் வெளிவந்த உலகக் களைகளைப் பற்றிய ஆய்வு நூல் ஒன்று, கோரைக்கே முதலிடம் தந்தது. கோரையைப் புல்லிலிருந்து பிரித்தறிவது எளிது. தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் அது முக்கோணமாக இருக்கும். மண்ணுக்கடியில் அதன் கிழங்குகள் மாலையில் கோத்த மணிகளைப் போலத் தொடர்ந்து செல்லும். மேலே உள்ள இலையை மட்டும் பிடுங்கினால் உறங்கிக் கிடந்த அடுத்த கிழங்கு விழித்து முளைவிடும். எனவே, மண்வெட்டியால் ஆழக் கிளறிக் கிழங்கை முழுமையாகப் பொறுக்கியெடுத்துச் சிமெண்டுத் தரையில் வெயிலில் பரப்பி உலர்த்த வேண்டும். எஞ்சியவை மீண்டும் தலை காட்டும்; இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை விடாமல் அகற்றி வந்தால், புதுக்கிழங்கு உருவாக வழியின்றி அவை படிப்படியாக ஓயும். லாலானின் வெண்ணிற நிலத்தடித் தண்டுக்கும் இதே முறைதான். அதனைத் தீயிட்டு அழிக்க எண்ணுவது வீண். மேலே எரிந்தாலும் கீழே உள்ள தண்டு உயிரோடிருந்து முன்னிலும் செழிப்பாகத் துளிர்க்கும்.

விதைப்பதற்கு முன்

களையை வெல்லும் போரில் பாதி வெற்றி விதைக்கும் முன்னரே கிடைக்கிறது. பாத்தியை நான்கு அடிக்கு மேல் அகலமாக அமைக்கலாகாது. அப்போதுதான் இருபுறமும் நின்று கையெட்டும் தூரத்தில் களையெடுக்க முடியும். பாத்திக்குள் கால் வைத்து மண்ணை இறுக்க நேராது. மழைநீர் தேங்காதிருக்க ஏறத்தாழ ஓரடி உயர்த்துதல் நன்று.

மண்ணைக் கொத்திச் சமன் செய்தவுடன் விதைக்க வேண்டாம். நீர் தெளித்து, பத்து முதல் பதினான்கு நாட்கள் பொறுத்திருங்கள். மேல் மண்ணில் இருக்கும் களை விதைகள் முளைத்துவிடும். அவற்றை மண்வெட்டியின் நுனியால் மேலோட்டமாகச் சுரண்டி அழித்துவிட்டு, ஆழமாகக் கிளறாமல் விதைக்க வேண்டும். ஆழக் கிளறினால் கீழே உறங்கும் விதைகளை நாமே மேலே கொண்டு வந்தவர்களாவோம். கோரையும் லாலானும் உள்ள பாத்தியில் மட்டும் ஆழக் கிளறும் வேலையை இதற்கு முன்பே முடித்துக் கொள்ள வேண்டும்.

பச்சைச் சாணத்தை அப்படியே இடுவதும் களையை அழைத்து வருவதாகும். மாடு மேய்ந்த புல்லின் விதைகள் பல அதன் வயிற்றில் அழியாமல் சாணத்தோடு வெளிவருகின்றன. சாணத்தைக் காய்ந்த இலையோடு சேர்த்துக் குவித்து, உள்ளே நன்கு சூடேறி மட்கும்படி இடையிடையே புரட்டிவிட்டு, பின்னர் இடுவதே முறை.

களையெடுக்கும் காலமும் முறையும்

பயிரின் ஆயுட்காலத்தில் முதல் மூன்றில் ஒரு பங்கே களைக்கு மிகவும் அஞ்ச வேண்டிய பருவம் என்பது வேளாண்மையில் பொதுவாக ஒப்புக் கொள்ளப்பட்ட விதி. இப்பருவத்தில் பாத்தி தூய்மையாக இருந்தால், பின்னர்ப் பயிரின் இலைகளே படர்ந்து நிழல் தந்து களையை அடக்கிவிடும். இப்பருவத்தில் அசட்டையாக இருந்துவிட்டுப் பின்னர் எத்துணை உழைத்தாலும் இழந்த விளைச்சலை மீட்க இயலாது. வெண்டை, கத்தரி போன்றவற்றுக்கு இரண்டாம் வாரத்தில் ஒருமுறையும், நான்காம் ஐந்தாம் வாரத்தில் மறுமுறையும் களையெடுத்தல் குறைந்தபட்சத் தேவையாகும். இரண்டு மாதமும் நிரம்பாத கீரைக்கு முதல் பதினைந்து நாட்களே முக்கியமானவை.

மழை பெய்து ஓய்ந்தபின் மண் நெகிழ்ந்திருக்கும் வேளையில் கையால் பிடுங்கினால் வேர் அறுபடாமல் வரும். மண்வெட்டியால் சுரண்டுவதாயின் வெயில் நாளின் காலைப் பொழுதே ஏற்றது. சுரண்டிய களை அன்றே வாடிவிடும். பயிரை ஒட்டி முளைத்த களையைப் பிடுங்கும்போது, பயிரின் அடியில் மண்ணை ஒரு கை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டின் வேர்களும் பின்னிக் கிடந்தால் பிடுங்கவே கூடாது. கத்தியால் களையைத் தரைமட்டத்தில் அறுத்துவிட வேண்டும். களையெடுத்தபின் சிறிது நீர் தெளித்தால் அசைந்த வேர்கள் மீண்டும் மண்ணைப் பற்றிக் கொள்ளும்.

பூக்காத களைகளை எருக்குழியில் இடலாம். விதை பிடித்தவற்றையும் கோரைக் கிழங்கையும் ஒருபோதும் அங்கே இடலாகாது.

ரப்பர்த் தோட்டம் கற்பித்த பாடம்

களையே இல்லாமல் மண்ணை வழித்து வைப்பதுதான் தூய்மை என்று எண்ணுவோர் உளர். நம் தோட்டங்களும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இளம் ரப்பர் மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இராதவாறு சுரண்டி வைத்தனர். அப்பணியில் வளைந்த முதுகுகளில் நம் முன்னோருடையவை எத்தனையோ! ஆனால், திறந்து கிடந்த சரிவுகளில் பெய்த மழை, வளமிக்க மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போயிற்று. இத்தவற்றை உணர்ந்தபின், புயேராரியா, செண்ட்ரோசீமா, கலபோகோனியம் போன்ற அவரைக் குடும்பத்துக் கொடிகளை மூடுபயிராக வளர்க்கும் முறை பரவியது. அக்கொடிகள் மண்ணை மூடின, களையை அடக்கின, காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்த்து மண்ணுக்கும் ஊட்டின.

வீட்டுப் பாத்திக்கும் இதே பாடம் பொருந்தும். களையெடுத்த மண்ணை வெறுமையாக விடாதீர்கள். பூக்குமுன் அறுத்த லாலான் புல், காய்ந்த இலைகள், நறுக்கிய தென்னங்கீற்று ஆகியவற்றை இரண்டு மூன்று அங்குலத் தடிப்பில் வரிசைகளுக்கிடையே பரப்புங்கள். களை விதைக்கு ஒளி கிடைக்காது. மண்ணின் ஈரம் காக்கப்படும். பெருமழையில் மண் அரிக்கப்படாது. மூடாக்கு மட்கி எருவாகவும் மாறும். செடியின் தண்டைத் தொடாமல் இரண்டங்குல இடைவெளி விடுவது அவசியம்; இல்லையேல் தண்டு அழுகக்கூடும். மூடாக்கின் அடியில் நத்தைகள் பதுங்கும். மாலை வேளைகளில் புரட்டிப் பார்த்து அகற்ற வேண்டும்.

புல் மருந்து பாத்திக்கு ஆகாது

தோட்டங்களில் பல்லாண்டுக் காலம் தெளிக்கப்பட்டு வந்த பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை நம் மக்களில் அறியாதார் இலர். முதுகில் தெளிப்பானைச் சுமந்து அதனைத் தெளித்தவர்களில் பலர் பெண்கள். ஒரு மிடறு உட்சென்றாலும் நுரையீரலைச் சிதைத்து உயிரைப் போக்கக்கூடிய அந்நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. 2002-ஆம் ஆண்டில் அதற்குத் தடை அறிவிக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டில் அத்தடை தளர்த்தப்பட்டது. பின்னர் 2020 ஜனவரி முதல் நாள் தொட்டு மலேசியாவில் அதன் பயன்பாடு முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. வீட்டின் ஒதுக்குப்புறத்தில் அதன் பழைய போத்தல் எவரிடமேனும் இருக்குமாயின், சாக்கடையில் கொட்டாமலும் பிறருக்குக் கொடுக்காமலும், பிள்ளைகளின் கைக்கு எட்டாதவாறு பூட்டி வைத்து, விவசாய இலாகாவிடம் தெரிவித்து ஒப்படைக்கும் வழியைக் கேட்டறிய வேண்டும்.

தடை செய்யப்படாத களைக்கொல்லிகளும் காய்கறிப் பாத்திக்கு உகந்தவையல்ல. கிளைபோசேட் போன்ற மருந்து, படும் பச்சை இலை பயிருடையதா களையுடையதா என்று பார்ப்பதில்லை. காற்றில் மிதந்து சென்று அண்டை வீட்டாரின் தக்காளியையும் கருக்கிவிடும். மண்ணில் உறங்கும் விதையையோ அது தொடுவதில்லை. மேலும், ஒரே மருந்தை ஓயாமல் தெளித்தால் களையும் பழகிவிடுகிறது. மலாய் மொழியில் சம்பாவ் எனப்படும், கேழ்வரகின் நெருங்கிய உறவான புல், கிளைபோசேட்டுக்கு அடங்காமல் தாக்குப்பிடிப்பது 1997-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் அறியப்பட்டது.

எல்லாவற்றினும் கொடியது, மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கம். தாகத்தோடு ஓடிவரும் குழந்தை போத்தலைத்தான் பார்க்கும், உள்ளிருப்பதை ஆராயாது. நூறு அடிப் பாத்தியாயினும் அதில் விளையும் கீரைக்காக இத்தகைய ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவருதல் தகுமா?

களையும் கறியாகும்

பிடுங்கிய எல்லாவற்றையும் எறிந்துவிட வேண்டுவதில்லை. உலகின் கொடிய களைகளின் வரிசையில் வைத்தெண்ணப்படும் பருப்புக்கீரை, நம் அடுக்களையில் பருப்போடு கடைந்து உண்ணத்தக்க சுவையான கீரை. மணத்தக்காளிக் கீரையும் இளம் முள்ளுக்கீரையும் அத்தகையவே. எனினும், நன்கு அறிந்த செடியை மட்டுமே உண்ண வேண்டும். சாலையோரத்திலும் நிரைகளுக்கிடையிலும் மருந்து தெளிக்கப்பட்டிருக்கக்கூடிய இடங்களில் பறித்த கீரையை, அது எத்துணைச் செழிப்பாக இருப்பினும், சமைக்கலாகாது.

பிள்ளையின் கையில் ஒரு வரிசை

தொடக்கத்தில் கண்ட அத்தாய்க்கும் பிள்ளைக்கும் மீண்டும் வருவோம். அடுத்த முறை விதைக்கும்போது அத்தாய், கயிறு பிடிக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுக்கட்டும். ஒவ்வொரு விதையிலும் நான்கைந்தை ஒரு தனித்தட்டில் விதைத்து, அதில் பெயரெழுதிய குச்சியை அவனே நடட்டும். தட்டில் முளைப்பதையும் பாத்தியில் முளைப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எது பயிர், எது களை என்பதை அவன் எவர் துணையுமின்றி அறிந்து கொள்வான். பாத்தியில் ஒரு வரிசையை அவனுக்கே உரியதாக்கிவிட்டால், பிடுங்கச் சொல்ல வேண்டிய தேவையும் இராது.

நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். களை சிறிதாக இருக்கும்போது அதனை அகற்ற இரண்டு விரல்கள் போதும். வளரவிட்டால் மண்வெட்டி வேண்டும். விதைக்க விட்டுவிட்டால் ஆண்டுகள் வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்து செயற்படும் இல்லங்களில் பாத்தியும் செழிக்கும், அடுக்களையும் நிறையும்.